தலைப்பைப் படித்துத் தீர்ப்பு எழுதாமலிருக்க: தொழில்நுட்பக் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லும் முறை

பெரிய மென்பொருள்களைக் கட்டுவது எப்படி என்று வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு படம் இருக்கிறது. தேவைகளைத் திரட்டுவது, ஆராய்வது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, இயக்குவது என்று பெட்டிகள் படிக்கட்டு போல மேலிருந்து கீழே இறங்கும். பிற்பாடு ‘வாட்டர்ஃபால்’ என்று பெயர் பெற்றது இந்த வடிவம்தான். படத்தைப் போட்ட கையோடு ராய்ஸ் எழுதியது இது: அடிப்படைக் கருத்தில் நம்பிக்கை உண்டு, ஆனால் இப்படியே நடைமுறைப்படுத்தினால் ஆபத்து, தோல்விக்கு வாசல் திறந்ததாகிவிடும். சோதனை கடைசியில் வருவதால் அங்கே தெரியும் கோளாறு வேலையை மறுபடி வடிவமைப்புக்கே தள்ளும், காலமும் செலவும் இரட்டிப்பாகக்கூடும் என்று காரணமும் சொன்னார். மீதிக் கட்டுரை முழுக்க அதற்கான ஐந்து திருத்தங்கள்தாம். அவற்றுள் ஒன்று, புதிய மென்பொருள் என்றால் இரண்டு முறை கட்டுங்கள் என்பது. படத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் அவரை வாட்டர்ஃபாலின் தந்தை என்றே எழுதி வந்தார்கள்.

தொழில்நுட்பக் கட்டுரையில் கூற்று ஓரிடத்தில் இருக்கும். அது எந்த நிலைமையில் செல்லும் என்பது வேறோர் இடத்தில், பெரும்பாலும் நடுப்பகுதியிலோ ஓர் அடிக்குறிப்பிலோ இருக்கும். இரண்டையும் பார்த்த பிறகு சொல்வதுதான் கருத்து. முதலாவதை மட்டும் பார்த்துச் சொல்வது ஊகம். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இரண்டையும் பிடிக்கப் பழகும் வழி கீழே.

நேரத்தை முதலில் ஒதுக்குங்கள்

ஆங்கிலத்தில் சாதாரண உரைநடையைப் பழகிய வாசகர் நிமிடத்துக்கு 200 முதல் 250 சொற்கள் படிப்பார். 3,000 சொல் கட்டுரைக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். வரைபடம், அட்டவணை, நிரல் துண்டு எல்லாம் இருந்தால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் கணக்கே வேறு. எஸ். கேசவ் என்ற கணினி அறிவியலாளர் 2007-இல் மூன்று சுற்று முறை ஒன்றை எழுதினார். முதல் சுற்றுக்கு 5 முதல் 10 நிமிடம், இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் வரை, மூன்றாவதற்குப் புதியவர்களுக்கு நாலைந்து மணி நேரம் என்பது அவர் கணக்கு. எல்லாக் கட்டுரைக்கும் மூன்று சுற்றும் தேவையில்லை. அரை மணி நேரம்கூட ஒதுக்க முடியாத நாளில் படிக்கலாம், பகிரலாம், ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். திரையில் குறிப்பெடுப்பவர்கள் தனிக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். கட்டுரைக்குள்ளேயே மஞ்சள் பூசுவது மட்டும் போதாது. பூசும்போது புரிந்த மாதிரி இருக்கும், பத்து நிமிடம் கழித்து எதற்குப் பூசினோம் என்று தெரியாது.

படி 1: தலைப்பைப் பார்த்ததும் தோன்றியதை எழுதி வையுங்கள்

“இது ஏற்கெனவே தெரிந்ததுதானே”, “பெரிய அளவில் இது தாங்காது”, “பாதுகாப்பை இவர் யோசிக்கவில்லை” என்று தலைப்பைப் பார்த்த நொடியிலேயே மனத்தில் ஒன்று ஓடும். அதை ஒரே வரியில் தாளின் மேலே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அது மனத்துக்குள்ளேயே இருந்து, படிக்கிற ஒவ்வொரு வரியையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும். எழுதிவிட்டால் அது சரிபார்க்க வேண்டிய ஒரு கேள்வியாகிறது.

தலைப்பு ஆசிரியர் வைத்ததாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1968 மார்ச்சில் ‘கோ டு ஸ்டேட்மெண்ட் கன்சிடர்ட் ஹார்ம்ஃபுல்’ என்ற தலைப்பில் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ராவின் கடிதம் ஒன்று ஓர் இதழில் வெளியானது. நிரலில் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளைதான் ‘கோ டு’, அது தீங்கானது என்பது தலைப்பின் பொருள். அவர் வைத்த தலைப்பு ‘கோ டு-வுக்கு எதிரான ஒரு வாதம்’ என்ற பொருளில் அடக்கமாக இருந்தது. அதை மாற்றியவர் இதழாசிரியர் நிக்லாஸ் விர்த். தலைப்பின் தொனியை வைத்து ஆசிரியரைத் திட்டுபவர் வேறொருவர் எழுதியதற்காகத் திட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

படி 2: தேதி, பதிப்பு, எழுதியவர் யார்

இதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் தவிர்க்கக் கூடாது. கட்டுரையில் பேசப்படும் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பதிப்புக் கட்டுரை (இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் வெளியிடுவது) என்றால் வி1, வி2 என்று திருத்தங்கள் வந்திருக்கும், கையில் இருப்பது கடைசியானதுதானா என்று பாருங்கள். பொருளை விற்பவரே எழுதிய அறிவிப்பா, வெளியாள் செய்த சோதனையா என்பதையும் பாருங்கள். விற்பவர் எழுதினால் பொய் என்று ஆகிவிடாது. எந்த ஒப்பீட்டை அவர் தவிர்த்திருக்கிறார் என்று மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

தேதியைப் பார்க்காததால் வரும் குழப்பத்துக்கு மூர் விதி நல்ல சான்று. 1965-இல் கார்டன் மூர் எழுதியது, ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்பது. 1975-இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று அவரே திருத்தினார். எந்த ஆண்டின் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் இருவர் வாதாடினால் இருவரும் சரியாகவே சொல்லியும் முடிவு கிடைக்காது.

படி 3: முதல் சுற்று

சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், படங்களின் கீழே உள்ள குறிப்புகள், முடிவுரை. இந்த வரிசையில் வேகமாகப் போய்விடுங்கள். புரியாத சொல் வந்தால் நிற்காமல் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு நகருங்கள். இந்தச் சுற்று ஒரே ஒரு முடிவுக்காக: இதை முழுதாகப் படிப்பதா, விடுவதா. பலர் இந்தச் சுற்றையே வாசிப்பு என்று எண்ணிக் கருத்தும் எழுதிவிடுகிறார்கள். சுருக்கமும் முடிவுரையும் கூற்றை மட்டுமே ஏந்தி வரும், நிபந்தனைகளை அங்கே சுருக்கத்துக்காக விட்டிருப்பார்கள். ஆகவே அங்கே முளைக்கும் ஆட்சேபங்களுக்கு உள்ளே பதில் இருக்க மிகவும் வாய்ப்புண்டு.

படி 4: கூற்றையும் நிபந்தனையையும் இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்

மொத்த வேலையின் இதயம் இதுதான், நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆசிரியர் என்ன சொல்கிறார். வலப்பக்கம் எந்த நிலைமையில், எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து. வலப்பக்கம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் திரும்பப் போய்த் தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தலைப்பு “எங்கள் சர்வரின் பகுப்பான் இப்போது 10 மடங்கு வேகம்” என்று சொல்கிறது. பகுப்பான் என்பது வரும் உள்ளீட்டைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரல் பகுதி. இதைப் பார்த்ததும் இரண்டு வகைக் கருத்துகள் வரும். ஒருவர் “அப்படியானால் பத்து சர்வருக்குப் பதில் ஒன்று போதும்” என்பார். இன்னொருவர் “10 மடங்கா, கட்டுக்கதை” என்பார். கட்டுரையின் நடுவில் ஓர் அட்டவணை இருக்கிறது: ஒரு கோரிக்கைக்கு மொத்தம் 100 மில்லிசெகண்ட், அதில் பகுப்பானுக்கு 20. அந்த 20 இப்போது 2 ஆகியிருக்கிறது. மொத்தம் 82 மில்லிசெகண்ட். பகுப்பான் 10 மடங்கு வேகமானது உண்மை. சர்வர் வேகமானது ஏறக்குறைய 1.2 மடங்கு. 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டிய கணக்கு இதுதான்: ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும் மீதிப் பகுதி மொத்த லாபத்துக்கு வரம்பு கட்டிவிடும். பகுப்பானின் நேரத்தைச் சுழியமாகவே ஆக்கினாலும் மொத்தம் 80-க்குக் கீழே இறங்காது. முதல் கருத்தும் தப்பு, இரண்டாவதும் தப்பு. இரண்டுக்கும் விடை ஒரே அட்டவணையில் இருந்தது.

இதே போல் ஏமாற்றும் இன்னொன்று, டிஸ்க்குகளின் ‘சராசரிப் பழுதிடைக் காலம்’. 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். வகுத்துப் பார்த்து, “114 ஆண்டா, யாரை ஏமாற்றுகிறார்கள்” என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த எண் ஒற்றை டிஸ்க்கின் ஆயுளைச் சொல்வதில்லை. 1,000 டிஸ்க்குகள் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் 87.6 லட்சம் மணி நேரம் ஆகிறது, அதில் சுமார் 9 டிஸ்க் பழுதாகும் என்பதே அதன் பொருள். அந்த எண்ணையும் குறை சொல்ல இடமுண்டு, நடைமுறையில் பழுது இதைவிடக் கூடுதலாகவே வரலாம். ஆனால் குறை சொல்வதற்கு முன் அது எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தரநிலை ஆவணங்களில் நிபந்தனை ஒரே சொல்லில் ஒளிந்திருக்கும். இணைய நெறிமுறை ஆவணங்களில் வரும் இப்படிப்பட்ட சொற்களின் பொருளை 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் வரையறுக்கிறது. ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவுகளை முழுதாக எடைபோட்ட பின் விலகலாம். ‘மே’ என்றால் விருப்பம். ‘ஷுட்’ என்று எழுதிய இடத்தைக் காட்டி “இது விதிமீறல்” என்று சொல்பவர் ஆவணத்தைத் தவறாகவே படித்திருக்கிறார்.

படி 5: எண்களையும் படங்களையும் சோதியுங்கள்

வரைபடம் வந்தால் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்ப்பதற்கு முன் அச்சுகளைப் பாருங்கள். நிமிர்ந்த அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா? 90-இல் தொடங்கினால் 92-க்கும் 94-க்கும் உள்ள வித்தியாசம் இரு மடங்கு போலக் கண்ணுக்குத் தெரியும். அச்சு 1, 10, 100, 1,000 என்று ஏறினால் அது மடக்கை அளவு, அங்கே நேர்கோடாகத் தெரிவது பன்மடங்காகப் பெருகும் வளர்ச்சி.

அலகுகளில் ஆங்கிலச் சிறிய ‘பி’ (b) பிட், பெரிய ‘பி’ (B) பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட். எட்டு மடங்கு வித்தியாசம் ஓர் எழுத்தின் உயரத்தில் இருக்கிறது. பிழை விகிதம் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானால் அது 50 சதவீத உயர்வு, அதே சமயம் ஒரே ஒரு சதவீதப் புள்ளி உயர்வு. கட்டுரை எதைச் சொல்கிறது, நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சராசரியைக் கண்டால் சற்று நில்லுங்கள். 100 கோரிக்கைகளில் 99-க்கு 10 மில்லிசெகண்ட், ஒன்றுக்கு 1,000 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். சராசரி சுமார் 20. அந்த 20 யாருக்கும் நேர்ந்த அனுபவம் கிடையாது. இப்படி நூற்றுக்கு ஒன்று மெதுவாகும் அமைப்பில் ஒரு பக்கம் திறக்க 100 கோரிக்கை வேண்டியிருந்தால், அதில் ஒன்றாவது மெதுவானதில் மாட்டும் வாய்ப்பு ஏறக்குறைய 63 சதவீதம். எனவே கட்டுரை இடைநிலை மதிப்பையோ (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 99-ஆவது சதமானத்தையோ (நூற்றில் 99 கோரிக்கைகள் அதற்குள் முடியும் நேரம்) தந்திருக்கிறதா என்று தேடுங்கள். தரவில்லை என்றால் அதுவே கேட்கத் தகுந்த நல்ல கேள்வி.

நிரல் கொடுத்திருந்தால் ஓட்டிப் பாருங்கள். அதே பதிப்பு, அதே உள்ளீடு. வேறு பதிப்பில் ஓட்டிவிட்டு “வேலை செய்யவில்லை” என்று எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. நேரம் அளப்பதானால் முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு, குறைந்தது ஐந்தாறு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் தற்காலிக நினைவகம் காலியாக இருப்பதால் அது மெதுவாகத்தான் இருக்கும்.

படி 6: உங்கள் ஆட்சேபத்தைக் கட்டுரைக்குள் தேடுங்கள்

தாளின் மேலே எழுதிய அந்த முதல் வரிக்கு இப்போது திரும்புங்கள். அதிலுள்ள முக்கியச் சொல்லைக் கட்டுரையில் தேடுங்கள், அதற்கு ஈடான சொற்களையும் சேர்த்து. ‘பாதுகாப்பு’ என்று தேடிக் கிடைக்காதது ‘அனுமதி’ என்றோ ‘சரிபார்ப்பு’ என்றோ இருக்கும். பிறகு ஆசிரியர் தன் வேலையின் வரம்புகளைச் சொல்லும் பகுதிக்குப் போங்கள். ஆங்கிலக் கட்டுரைகளில் ‘லிமிட்டேஷன்ஸ்’, ‘த்ரெட்ஸ் டு வேலிடிட்டி’ என்ற தலைப்புகளில் முடிவுரைக்குச் சற்று முன்னால் இருக்கும். எல்லா அடிக்குறிப்புகளையும் பாருங்கள், பின்னிணைப்பையும் திறவுங்கள்.

மூன்றில் ஒன்று நடக்கும். ஆட்சேபத்துக்கு அங்கேயே பதில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள், அடிக்கும்போது வருத்தப்பட வேண்டாம், கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான். பாதிப் பதில் இருந்தால் மிச்சப் பாதியே உங்கள் கேள்வி. அறவே இல்லை என்றால் கையில் உண்மையான ஒரு பங்களிப்பு இருக்கிறது.

படி 7: மூடிவிட்டு விளக்கிப் பாருங்கள்

கட்டுரையை மூடுங்கள். இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று ஐந்து வரியில் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். ரோசன்பிளிட், கைல் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2002-இல் இதே மாதிரி ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஜிப் போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பின்பு விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு பலரும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். உங்கள் ஐந்து வரியில் எங்கே பேனா நிற்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

படி 8: எழுதும் விதம்

நான்கு செய்தி இருக்க வேண்டும்: எந்தப் பகுதி, ஆசிரியர் அங்கே என்ன சொல்கிறார், எது இடிக்கிறது, என்ன வேண்டும். மேலே பார்த்த பகுப்பான் கட்டுரைக்கே எழுதிப் பார்ப்போம்.

படிக்காமல் எழுதியது: “பகுப்பானை மாற்றினால் இவ்வளவு வேகம் வரவே வராது. டேட்டாபேஸைப் பார்த்தீர்களா?”

படித்து எழுதியது: “மூன்றாம் பகுதி அட்டவணையில் பகுப்பான் 20-இலிருந்து 2 மில்லிசெகண்டாகக் குறைந்ததாகத் தந்திருக்கிறீர்கள். சோதனை உள்ளீடு எல்லாமே 4 கிலோபைட்டுக்குக் குறைவு என்று அடிக்குறிப்பில் பார்த்தேன். 1 மெகாபைட் உள்ளீட்டில் இதே விகிதம் நிற்குமா? அளந்திருந்தால் அந்த எண்ணையும் சேர்க்க முடியுமா?”

இரண்டாவதற்கு ஆசிரியரால் ஒரே வரியில் பதில் தர முடியும். முதலாவதற்குப் பதில் சொல்ல அவர் தன் கட்டுரையையே திரும்ப ஒப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஒப்பித்த பிறகு யாரும் விரிவாக எழுதவே யோசிப்பார்கள். கவனமாக எழுதுபவர்களை நாம் இழப்பது இப்படித்தான், அந்த இழப்பு சிறியதல்ல.

மேற்கோள் காட்டும்போது வாக்கியத்தை முழுதாக எடுங்கள், முன்னும் பின்னும் ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகு எடுங்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1974-இல் எழுதிய ஒரு வரி, ‘அவசரப்பட்டு வேகப்படுத்துவதே எல்லாத் தீமைக்கும் வேர்’ என்ற துண்டாக ஊரெல்லாம் சுற்றுகிறது. எந்த வேக மேம்பாட்டையும் தட்டிக்கழிக்க அதைக் காட்டுகிறார்கள். முழு இடத்தில் அவர் சொல்வது, சிறு சிறு லாபங்களை ஏறக்குறைய 97 சதவீத நேரம் மறந்துவிடலாம், ஆனால் முக்கியமான அந்த 3 சதவீதத்தில் வாய்ப்பை நழுவவிடக் கூடாது என்பது. துண்டை எடுத்தவர்கள் அவருடைய அறிவுரையில் பாதியை அவருக்கு எதிராகவே நிறுத்திவிட்டார்கள்.

முழுதாகப் படிக்க முடியாதபோது

கணிதம் புரியாமல் போகலாம், 60 பக்கம் இருக்கலாம், அவசரமாக ஒரு பதில் தேவைப்படலாம். அப்போதும் பேசலாம், எதுவரை படித்தோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால். “2, 3 பகுதிகளை மட்டும் படித்தேன், நிரூபணத்தைத் தொடவில்லை” என்று தொடங்கும் கேள்வியை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். தீர்ப்பாகச் சொல்ல நினைத்ததைக் கேள்வியாக மாற்றுங்கள், படித்த பகுதிக்குள்ளேயே நில்லுங்கள்.

பிறர் எழுதிய சுருக்கத்தையோ இயந்திரம் தந்த சுருக்கத்தையோ மட்டும் நம்பி எழுத வேண்டாம். சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘மட்டும்’, ‘தவிர’, ‘வரை’ போன்ற சொற்கள்தாம், நிபந்தனை முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. மற்றவர்களின் கருத்துகளைக் கட்டுரைக்கு முன்னால் படிக்கவும் வேண்டாம். முதலில் பேசியவர் பிழையாகப் படித்திருந்தால் அந்தப் பிழையே அடுத்தவர்களின் கண்ணாடியாகிவிடும்.

எழுதிய பிறகு உங்கள் பிழை தெரியவந்தால் எழுதியதை அழிக்காதீர்கள், ஏனென்றால் அதற்குப் பதில் சொன்னவர்களின் வரிகள் அந்தரத்தில் தொங்கும். கீழேயே “நான்காம் பகுதியைக் கவனிக்கவில்லை, என் ஆட்சேபத்துக்கு அங்கே பதில் இருக்கிறது” என்று பகுதி எண்ணோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.